விண்ணப்பம் எழுதும் தலைமுறை: தேர்தல் காலத்தில் புதுக்கோட்டைப் பட்டதாரிகள்

1. கேள்வி

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. ஜூன் 4 அன்று முடிவுகள் வெளியாயின. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு மாநிலம் முழுவதும் நடந்தது. அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற இந்தத் தேர்வை எழுதுவோரில் பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் பொறியாளர்களும் ஏராளம். தேர்தல் அறிவிப்பு, பிரச்சாரம், வாக்குப்பதிவு, முடிவு என எல்லாவற்றையும் இவர்கள் ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டே கடந்தார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அண்மையில் பட்டம் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை அவர்களுடைய அரசியல் கருத்தை எப்படி உருவாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ‘இளைஞர் வாக்கு யாருக்கு?’ என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கப்படுகிறது. எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு என்பதற்கு மேல் அந்தக் கேள்வி நகர்வதில்லை. ஒருவர் அரசை எங்கே சந்திக்கிறார், எந்த வேலையின் வழியாக அதை அறிகிறார், எதை வைத்து அதை எடைபோடுகிறார் என்று கேட்டால் வேறு சித்திரம் கிடைக்கிறது.

இக்கட்டுரையின் வாதம் இது: வேலைக்குக் காத்திருப்பதாகச் சொல்லப்படும் புதுக்கோட்டைப் பட்டதாரி, அந்தக் காலத்தில் தன் வீட்டுக்கும் தெருவுக்கும் அரசோடு உள்ள எழுத்துத் தொடர்பைச் சுமக்கிறார். விண்ணப்பம், சான்றிதழ், மேல்முறையீடு, அறிவிக்கை, முடிவு என்ற இந்த உலகத்திலிருந்தே அவருடைய அரசியல் அளவுகோல் பிறக்கிறது. அந்த அளவுகோலைக் கேட்கும் மேடை தேர்தல் காலத்தில் இல்லை. பொதுப்பதிவுகளையும், ஏற்கெனவே வந்துள்ள ஆய்வு நூல்களையும், மாவட்டத்தில் ஊரறிந்த நடைமுறைகளையும் கொண்டு இந்த வாதத்தை இங்கே பரிசீலிக்கலாம்.

2. இதுவரையிலான விளக்கங்கள்

படித்து வேலையின்றி இருக்கும் இந்திய இளைஞர்களைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, கிரெய்க் ஜெஃப்ரி 2010இல் வெளியிட்ட ‘டைம்பாஸ்’. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் கீழ் நடுத்தர வர்க்க இளைஞர்கள் காத்திருப்பையே வாழ்க்கை முறையாக்கிக் கொண்டதையும், அவர்களில் சிலர் அரசியல் தரகர்களாக உருவானதையும் அந்நூல் விவரிக்கிறது. அவரும் பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி ஆகியோரும் 2008இல் எழுதிய நூல், பிஜ்னோர் மாவட்டத்தில் கல்வி எல்லாச் சாதியினருக்கும் ஒரே அளவு விடுதலையைத் தரவில்லை என்று காட்டியது. காத்திருப்பு அரசியலைத் தயாரிக்கிறது என்பது இவ்வாய்வுகளின் பெரிய பங்களிப்பு. ஆனால் மீரட்டின் தேநீர்க்கடை முனையை அப்படியே புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவர முடியாது. இங்கே காத்திருப்போரில் பாதிக்குக் குறையாதவர்கள் பெண்கள் என்று கல்லூரி வகுப்பறைகளைப் பார்த்தாலே எண்ணத் தோன்றும். அவர்கள் தெருமுனையில் நிற்பவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டைப் பற்றிய எழுத்துகளில் வேறு இரு போக்குகள் உள்ளன. நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியிட்ட நூல், திராவிடக் கட்சிகளின் மக்கள் திரட்டலை இரு வகையாகப் பிரித்தது: உரிமை கோரச் செய்யும் வகை ஒன்று, காப்பாளரிடம் நன்றி பாராட்டச் செய்யும் வகை மற்றொன்று. கலையரசனும் விஜயபாஸ்கரும் 2021இல் எழுதிய ‘தி திராவிடியன் மாடல்’, கல்வியும் சமூகநீதியும் சேர்ந்து மாநிலத்தின் வளர்ச்சிப் பாதையை வடிவமைத்த விதத்தை ஆராய்ந்தது. கான்ஸ்டன்டைன் நகாசிஸ் 2016இல் வெளியிட்ட நூல் கல்லூரி இளைஞரின் ‘ஸ்டைல்’, சினிமா, நட்பு வட்டம் ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. முதல் இரண்டும் இளைஞரைக் கொள்கைகளின் பயனாளியாகப் பார்க்க உதவுகின்றன. மூன்றாவது அவரைக் கல்லூரி வளாகத்துக்குள் பார்க்கிறது. வளாகத்தை விட்டு வெளியே வந்து, வேலைக்குள் நுழையாமல் நிற்கும் அந்த இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் இம்மூன்றிலும் விளிம்பிலேயே இருக்கின்றன.

அந்த ஆண்டுகள் சிறிய விஷயமல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022இல் இந்தியப் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே அது 3.4 விழுக்காடு. படிக்காதவர் வேலையின்றி இருக்க வசதியற்றவர், கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார் என்பது இதற்கான ஒரு விளக்கம். படித்தவர் படிப்புக்கேற்ற வேலைக்காகக் கூலியை மறுக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டும், வேலையில் இல்லாதவர் எந்த வேலையும் செய்யவில்லை என்று கருதிக்கொள்கின்றன.

3. பட்டம் வந்த வழி

புதுக்கோட்டையில் கல்விக்கும் அரசுக்கும் உள்ள உறவு பழையது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை இது தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். மன்னர் கல்லூரி அந்தக் காலத்தின் கொடை. பெண்கள் கல்லூரிக்குள் நுழையாத காலத்தில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு அங்கே சேர்ந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும் அங்கே படித்தவர். அன்று பட்டம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. படித்தவர் சமஸ்தான அலுவலகத்துக்கோ சென்னைக்கோ போனார்.

1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாணவர்கள் மாநிலத்தின் அரசியலையே திருப்பினார்கள். அந்தப் போராட்டத்தில் நஞ்சுண்டு உயிர்நீத்தவர்களில் கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்க்காரர்கள். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக அறியப்பட்டவர். படித்த இளைஞர் என்றால் அரசியலின் முன்னணி என்ற எண்ணம் இந்தக் காலத்தின் பேறு. இன்றைய பட்டதாரியை ‘அரசியல் ஆர்வமற்றவர்’ என்று குறைசொல்வோர் பெரும்பாலும் 1965ஐ அளவாக வைத்தே பேசுகிறார்கள்.

இன்றைய பட்டதாரியின் முன்னோடியை வேறிடத்தில் தேட வேண்டும் என்பது என் கருத்து. 1991–92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. இம்மாவட்டத்தில் நெடுநாள் கள ஆய்வு செய்த பிரான்சிஸ் கோடி, 2013இல் வெளியான தம் நூலில், அந்த எழுத்தறிவு எங்கே போய் முடிந்தது என்று பார்த்தார். கற்றவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். கைரேகை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குடிமக்கள் என்ற நிலை அங்கே ஒரு தாளின் வழியாகச் செயல்வடிவம் பெற்றது. ஆனால் மனுவின் மொழி, யாரிடம் கொடுப்பது, எந்த முறையில் எழுதுவது என்பன எல்லாம் அரசின் பிடியிலேயே இருந்தன என்பதையும் அவர் காட்டினார்.

அறிவொளியில் கையெழுத்துப் பழகியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பட்டம் பெறுகிறார்கள். மன்னர் கல்லூரி, 1969இல் தொடங்கிய அரசு மகளிர் கலைக் கல்லூரி, அறந்தாங்கி அரசுக் கல்லூரி, தனியார் கலைக் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள் என வாய்ப்பு பெருகிவிட்டது. உயர்கல்வி பற்றிய 2021–22 அகில இந்தியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. இந்த வளர்ச்சியை அரசே ஒரு சான்றிதழால் அங்கீகரிக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு வருவாய்த்துறை ‘முதல் பட்டதாரி’ சான்று தருகிறது. தொழிற்கல்வியில் அதற்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது ஒரு சமூக நிலை மட்டுமல்ல, வருவாய்த்துறை தரும் ஆவணமும்கூட.

4. தேர்வும் தேர்தலும் ஒரே நாட்காட்டியில்

2024ஆம் ஆண்டின் முதல் பாதியை ஒரு பட்டதாரியின் நாட்காட்டியாக விரித்துப் பார்க்கலாம். ஜனவரி 30: குரூப் 4 அறிவிக்கை. பிப்ரவரி 28: விண்ணப்பிக்கக் கடைசி நாள். மார்ச் 16: மக்களவைத் தேர்தல் அறிவிப்பு, அன்றே நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. ஏப்ரல் 19: வாக்குப்பதிவு. பிறகு முடிவுக்காக 46 நாள். அந்த 46 நாளில் கட்சிக்காரர் ஓய்வெடுக்கிறார், தேர்வு எழுதுகிறவருக்கு அதுதான் உச்சகட்டம். மாவட்ட மைய நூலகம், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம், தனியார் பயிற்சி மையங்கள், வீட்டுத் திண்ணை எங்கும் பள்ளிப் பாடநூல்கள் மறுபடி விரிகின்றன. ஆறாம் வகுப்பு முதல் சமச்சீர்ப் புத்தகத்தை வரிவிடாமல் படிப்பவர் கையில் இளங்கலைப் பட்டம் இருக்கிறது.

இந்தப் படிப்பின் உள்ளடக்கத்தை அரசியல் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் இந்திய ஆட்சியியல் ஓர் அலகு. மாணவர் பேச்சில் ‘யூனிட் 8’ எனப்படுவது தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள். ‘யூனிட் 9’ தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகம். நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், இடஒதுக்கீட்டு வரலாறு, அரசின் நலத்திட்டங்கள், அரசமைப்பின் உறுப்புகள், தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் அனைத்தும் இவற்றுள் அடங்கும். மேடையில் ஒரு தலைவர் சமூகநீதியின் வரலாற்றை உணர்ச்சியோடு சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பட்டதாரிக்கு அது ஆண்டு வரிசையில் மனப்பாடம். இது அவரை அந்த வரலாற்றுக்கு நெருக்கமாக்கவும் கூடும், அதைக் கொள்குறி வினாவாகச் சுருக்கவும் கூடும். இரண்டில் எது நடக்கிறது என்பது தேர்வு நேர்மையாக நடந்ததா என்பதைப் பொறுத்தது. இடஒதுக்கீட்டின் நியாயத்தைப் படித்தவர், தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டில் தனக்கு இடம் வரும் என்று நம்பியவர், முடிவு வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்போது அந்த நியாயத்தின் மீதே அவருடைய பிடிப்பு தளர்கிறது.

2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. எட்டு மாதம். முடிவை வெளியிடக் கோரித் தேர்வர்கள் சமூக ஊடகங்களில் திரண்டார்கள். 2024 தேர்வுக்குப் பிறகு இடங்களைக் கூட்டச் சொல்லி மீண்டும் திரண்டார்கள். இடங்கள் படிப்படியாக உயர்த்தப்பட்டு 9,000ஐத் தாண்டின. கொடியும் தலைவரும் ஊர்வலமும் இல்லாத இந்தத் திரட்டலை அரசியல் என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. ஆனால் ஓர் அரசமைப்பு நிறுவனத்திடம் கால வரையறை கேட்பதும், காலியிடக் கணக்கைக் கேட்பதும், கட்சி கடந்த ஒரு பொதுக் கோரிக்கையாகத் திரள்வதும் அரசியலின் அடிப்படைச் செயல்கள்.

கட்சிகளும் இதை அறியாமல் இல்லை. 3.5 லட்சம் அரசுக் காலியிடங்களை நிரப்புவோம் என்றது தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கை. 2024இல் காங்கிரஸ், 25 வயதுக்குட்பட்ட பட்டயதாரி, பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயுடன் தொழிற்பழகுநர் பயிற்சியை உரிமையாக்குவதாகச் சொன்னது. 2024 சுதந்திர நாள் உரையில் முதலமைச்சர், 2026 ஜனவரிக்குள் 75,000 அரசுப் பணியிடங்கள் நிரப்பப்படும் என்றார். பட்டதாரி இந்த எண்களை அறிவிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். எத்தனை இடம், எந்தத் துறை, எப்போது தேர்வு, எப்போது கலந்தாய்வு என்று அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தேர்தல் மேடையில் விடை கிடைப்பதில்லை.

5. வீட்டின் எழுத்தர்

தேர்வுப் படிப்பு நாளின் ஒரு பகுதி. மீதி நாள் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்பாவின் பட்டா மாறுதல், தாத்தாவின் முதியோர் உதவித்தொகை, பி.எம். கிசான் தவணைக்கான இ-கேஒய்சி, பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிச் சேர்க்கை, சித்தப்பாவின் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம்தான் இவையெல்லாம் வந்து சேர்கின்றன. இ-சேவை மையம் இருக்கிறது, ஆனால் எந்தச் சான்று வேண்டும், எதை ஸ்கேன் செய்ய வேண்டும், நிராகரித்தால் அடுத்து என்ன என்பதற்கு வீட்டில் ஒருவர் தேவைப்படுகிறார். கூலி இல்லாத, பெயரும் இல்லாத வேலை இது.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் இந்த வேலையின் கனத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 1.06 கோடிப் பேர் தகுதி பெற்றனர். மற்றவர்களுக்கு மேல்முறையீட்டு வாய்ப்பு தரப்பட்டது. குடும்ப வருமானம், நில அளவு, மின்நுகர்வு, வாகனம் என எந்த விதியின் கீழ் தள்ளுபடி ஆனது என்று கண்டுபிடித்து, அதற்கு மறுப்பு எழுதி, இணையத்தில் ஏற்றுவது படிக்காத தாயால் தனியே ஆகிற காரியமல்ல. அந்த வீட்டுப் பட்டதாரிக்கு இத்திட்டம் இரண்டு முகத்தோடு தெரிகிறது. அம்மாவின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவது ஒரு முகம், அதே தெருவில் இன்னொரு அம்மாவுக்கு வராததன் காரணத்தைத் தேடிய அலைச்சல் மறுமுகம். நலத்திட்டம் நன்றியை உண்டாக்கும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது வாக்கை விலைக்கு வாங்குவது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. விதிகளைப் படித்து விண்ணப்பம் நிரப்பியவர் இரண்டுக்கும் வெளியே நின்று, விதி நியாயமானதா, ஒரே மாதிரி அமலானதா என்று கேட்கிறார்.

பெண் பட்டதாரிகளுக்கு இந்தப் பணி இன்னும் விரிவானது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தெருக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது, நூலகத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் போய்வர அப்பாவிடம் கைநீட்டத் தேவையில்லாத நிலையை உண்டாக்கியது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் கல்லூரிக் காலத்துக்குத் துணைநின்றது. பட்டம் கையில் வந்த நாளோடு அது நின்றுவிடுகிறது. வேலைவாய்ப்பற்ற பட்டதாரிக்கான அரசின் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு முடிந்த பிறகே கேட்க முடியும். படிக்கும்போது அருகில் இருந்த அரசு, படித்து முடித்ததும் ஐந்தாண்டு தூரம் விலகிப் போகிறது. இந்தக் காலத்தில்தான் திருமணப் பேச்சும் வருகிறது. மணமாகி ஊர் மாறினால் வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8 நிரப்ப வேண்டும். ஊருக்கே படிவம் நிரப்பித் தந்தவர் தன் வாக்கைப் புது ஊரில் மீண்டும் தேடிப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

தேர்தல் நடத்தை விதிகள் வந்ததும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டங்கள் நின்றுவிடுகின்றன. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் பறக்கும் படைக்கு ஆவணம் காட்ட வேண்டும். கீரமங்கலத்துப் பூ வியாபாரிக்கும் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவருக்கும் அந்த ஆவணத்தைத் தயாரித்துத் தருவதும் படித்த பிள்ளைதான். அரசியல்வாதி மக்களைத் தேடி வருகிற அந்த வாரங்களில், மக்கள் அரசைத் தேடிப் போகும் வழி அடைபடுகிறது. தேர்தல் காலத்தின் இந்த முரணை மிக நெருக்கத்தில் காண்பவர் இந்த எழுத்தர்தான்.

6. நான்கு தொகுதிகளில் ஒரு மாவட்டம்

புதுக்கோட்டைக்கு 2004 தேர்தல்வரை தனி மக்களவைத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது நீக்கப்பட்டது. இன்று மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி இராமநாதபுரத்தில் இருக்கின்றன. 2009 தேர்தலில் தொகுதியை மீட்கக் கோரி, யாருக்கும் வாக்கில்லை என்று பதிவுசெய்யும் 49-ஓ விதியைப் பயன்படுத்தும் இயக்கம் இங்கே நடந்தது. நோட்டா வாக்குப் பொறியில் வருவதற்கு முன்பே, மறுப்பைப் படிவத்தில் எழுதித் தருவதை ஒரு மாவட்டக் கோரிக்கையாக்கியவர்கள் இம்மக்கள்.

இதன் விளைவைப் பட்டதாரியின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். 2024இல் துரை வைகோ, ஜோதிமணி, கார்த்தி சிதம்பரம், நவாஸ்கனி ஆகிய நால்வர் இம்மாவட்டத்தின் பகுதிகளுக்கு உறுப்பினர்கள் ஆனார்கள். ஒவ்வொருவர் தொகுதியிலும் புதுக்கோட்டைப் பகுதி சிறுபான்மை. மன்னர் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த நால்வர், ஒருவர் இலுப்பூர், ஒருவர் பொன்னமராவதி, ஒருவர் மணமேல்குடி, ஒருவர் கறம்பக்குடி என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு பற்றி ஒரே உறுப்பினரிடம் சேர்ந்து கேட்க முடியாது. மாவட்டத்துக்கென மைய அரசின் கல்வி நிறுவனமோ தொழிற்பூங்காவோ ரயில் வசதியோ கேட்கும் குரல் நான்காகச் சிதறுகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது. தொகுதி எல்லை மக்கள்தொகையை ஒட்டியது, மாவட்ட எல்லையை ஒட்டியதல்ல. சட்டமன்றத்தில் மாவட்டத்துக்கு ஆறு உறுப்பினர்கள் உண்டு. வேலைவாய்ப்பில் மாநில அரசின் பங்கே பெரிது. இவை ஏற்கத்தக்கவை. ஆனாலும் ரயில்வே, வங்கி, அஞ்சல், துணைராணுவம் என்ற மைய அரசு வேலைகளும் இவ்வூர்ப் பட்டதாரிகளின் தேர்வுப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாடாளுமன்றத்தில் இம்மாவட்டத்தின் பேரால் பேச ஒருவரும் இல்லை. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே அடுத்த மறுவரையறை நடக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 84ஆவது திருத்தம். தமிழ்நாட்டின் மொத்த இடங்கள் குறையுமோ என்ற அச்சம் மாநிலமெங்கும் பேசப்படும் வேளையில், ஏற்கெனவே தொகுதியை இழந்த புதுக்கோட்டையின் அனுபவம் அந்த விவாதத்துக்குள் வர வேண்டும்.

பட்டதாரிகளைத் தனி வாக்காளர் பிரிவாகச் சட்டமே ஏற்ற காலமும் உண்டு. 1986 நவம்பரில் கலைக்கப்படும்வரை தமிழ்நாடு சட்டமன்ற மேலவையில் பட்டதாரி தொகுதிகள் இருந்தன. படித்தவருக்கு ஒரு வாக்கு கூடுதல் என்ற அந்த ஏற்பாட்டை மீட்கச் சொல்வது என் நோக்கமல்ல, அது சமத்துவத்துக்கு ஒவ்வாதது. அன்று பட்டதாரிகள் சிலர், இருந்தும் மேடை இருந்தது. இன்று அவர்கள் பல லட்சம், மேடை இல்லை.

7. பணம், ஈர்ப்பு, சாதி: மாற்று விளக்கங்கள்

மேற்சொன்ன வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது பணம். 2016 சட்டமன்றத் தேர்தலில் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் வாக்குப்பதிவு ரத்தானது. இவற்றில் தஞ்சாவூர் புதுக்கோட்டைக்கு அருகில் உள்ளது. ஓட்டுக்குக் காசு வாங்கும் வீட்டில் பட்டதாரியின் கொள்கைக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இதற்கு விடை இம்மாவட்டத்தின் மொய் விருந்தில் கிடைக்கிறது. வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் யார் எவ்வளவு தந்தார் என்று நோட்டில் ஏறும். திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலைநிமிர முடியாது. இப்போது கணினியில் பதிந்து ரசீது தருகிறார்கள், பதிவதும் பெரும்பாலும் படித்த பிள்ளைகளே. கடனும் நன்றியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பழகிய இந்தச் சமூகத்தில், வாக்குக்குத் தரப்படும் பணத்துக்கு நோட்டு இல்லை, பெயர் இல்லை, திருப்பிச் செய்யும் கடமையும் இல்லை. வீடு பணத்தை வாங்குவதால் வாக்கு கட்டுப்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பணத்தால் அரசியலில் புதியவரும் வசதியற்றவரும் போட்டியிட முடியாமல் போவதே அதைவிடப் பெரிய கேடு.

இரண்டாவது, தலைவரின் ஈர்ப்பு. 2024இல் நாம் தமிழர் கட்சி ஓரிடமும் வெல்லாமல் 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று மாநிலக் கட்சி அங்கீகாரத்தை எட்டியது. அதே ஆண்டு பிப்ரவரி 2இல் நடிகர் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்தார். இரண்டையும் இளைஞர் எழுச்சியாகப் படிப்பது வழக்கம். வாக்கு எண்ணிக்கையில் வயது தெரியாது என்பதால் அந்த வாசிப்பை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். இளைஞர் ஆதரவு இருப்பதாகவே கொண்டாலும், எந்தக் கோரிக்கை அங்கே இடம் கண்டது என்று கேட்க வேண்டும். இதுவரை ஆண்ட கட்சிகளின் அலுவலகங்களில் மனு கொடுத்து அலுத்தவர், அந்த அலுவலகங்களை நடத்தியிராத ஒருவரை நம்பிப் பார்ப்பது காரணமில்லாத செயல் அல்ல. புதிய கட்சி என்பதே ஒரு தகுதியாகத் தெரிவது பழைய கட்சிகளின் மீதான தீர்ப்பு. புதியவர் வந்தாலும் அதே அளவுகோல் அவருக்காகவும் காத்திருக்கிறது.

மூன்றாவது சாதி. இதுவே கனமான மறுப்பு. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவை ஒட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியதால் பொன்னமராவதியில் கலவரம் வெடித்து, சுற்றுவட்டாரத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. எழுத்தறிவும் கைபேசியும் சாதிப் பகையைக் கரைத்துவிடும் என்ற எளிய நம்பிக்கைக்கு அது பலத்த அடி. பட்டதாரியும் ஒரு சாதிக்காரராகவே பிறந்து வளர்கிறார். அவர் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் எந்தத் தெருவோடு நிற்கிறது என்பதையும் சாதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிஜ்னோர் ஆய்வு சொன்ன பாடம் இங்கே பொருந்துகிறது: பட்டம் எல்லோருக்கும் ஒன்று, அதை வேலையாக மாற்றித் தரும் உறவும் நிலமும் பணமும் ஒன்றல்ல.

8. நெடுவாசலும் வேங்கைவயலும்

இம்மாவட்டத்தின் அண்மைக் கால நிகழ்வுகள் இரண்டு, பட்டதாரி அரசியலின் வலிமையையும் எல்லையையும் காட்டுகின்றன. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த ஹைட்ரோகார்பன் திட்டங்களில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. ஒரு மாதம் முன்புதான் சல்லிக்கட்டுக்காக மாநிலம் முழுதும் இளைஞர்கள் திரண்டிருந்தார்கள். அந்த அனுபவம் நெடுவாசலுக்கு உதவியது. படித்தவர்கள் ஒப்பந்த விவரங்களைப் படித்தார்கள், நிலத்தடி நீர் பற்றி விளக்கினார்கள், விவசாயியின் அச்சத்தை ஆவண மொழியில் எழுதினார்கள். 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் இம்மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி வட்டாரங்கள் இடம்பெற்றன. வயலும் தாளும் ஒன்றுசேர்ந்தபோது சட்டமே வந்தது.

2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டது. மனு, ஆய்வு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை, மரபணுச் சோதனை, நீதிமன்றம் என அரசின் எல்லா எழுத்துவழிகளும் அங்கே போயின. இரண்டாண்டு கழித்து 2025 ஜனவரியில் அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அம்மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சிகளும் அதை ஏற்க மறுத்தனர். 2024 மக்களவைத் தேர்தலின்போது அவ்வூரார் தேர்தல் புறக்கணிப்பை அறிவித்திருந்தார்கள். ஆவணத்தை நம்பும் அரசியல், ஆவணம் எழுதும் கையின் மீதே நம்பிக்கை இல்லாத இடத்தில் முடங்கிப் போகிறது. நெடுவாசலுக்காகக் கூடிய படித்த இளைஞர் திரள், சாதி கடந்து அதே வேகத்தோடு வேங்கைவயலுக்காகக் கூடவில்லை. இந்தத் தலைமுறைப் பட்டதாரிகள் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய மிகக் கடுமையான கேள்வி இது. யூனிட் 8இல் சமூகநீதியை மதிப்பெண்ணுக்காகப் படித்தவர், பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் முன் அதே நீதியைக் கோரும்போதுதான் அந்தப் படிப்பு நிறைவடையும்.

9. முடிவாக

மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, புதுக்கோட்டைப் பட்டதாரியைச் சும்மா இருப்பவர் என்றோ அரசியல் ஆர்வமற்றவர் என்றோ வரையறுப்பது தவறு. அவர் கூலியின்றி அரசின் கடைசி எழுத்தராக உழைக்கிறார். இரண்டு, அந்த உழைப்பு அவருக்கு ஒரு நடைமுறை நீதி உணர்வைத் தருகிறது: விதி தெளிவாக இருக்க வேண்டும், காலக்கெடு காக்கப்பட வேண்டும், நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று, இந்த உணர்வு சாதியின் எல்லையைத் தாண்டும்போது மட்டுமே குடிமை அரசியலாக வளரும்.

இதிலிருந்து சில கோரிக்கைகள் பிறக்கின்றன. அறிவிக்கை முதல் பணி ஆணை வரை காலவரம்பை ஆட்சி மாறினாலும் மாறாத சட்டமாக்க வேண்டும். துறைவாரிக் காலியிடங்களை மாவட்ட அளவில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பட்டம் பெற்றவருக்கான உதவித்தொகை, தேவை மிகுந்த முதல் ஆண்டிலேயே கிடைக்க வேண்டும். ஊராட்சிதோறும் விண்ணப்ப உதவியாளர் என்ற ஊதியப் பணியை உருவாக்கினால், இன்று வீட்டுக்குள் மறைந்திருக்கும் உழைப்பு வெளிச்சத்துக்கு வரும், ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் ஆகும். நான்கு மக்களவை உறுப்பினர்களும் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் ஆண்டுக்கொரு முறையாவது மாவட்டத் தலைநகரில் ஒன்றாக அமர்ந்து, கட்சி பேதமின்றி வேலைவாய்ப்புக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும்.

அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களை மனு எழுதவைத்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு மனு எழுதுவது கைவந்த கலை. இனி அந்த மனுவுக்கு உரிய நாளில் பதில் எழுதும் கடமை அரசுக்கும் கட்சிகளுக்கும் உரியது. அடுத்து வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் புதுக்கோட்டைப் பட்டதாரிகள் முதலில் கேட்க வேண்டியதும் அந்தப் பதிலைத்தான்.